மாஸ்கோ, பீட்டர்ஸ்பர்க் இரவுகள்: போவது சுலபம், திரும்புவதைப் பற்றிக் கேளுங்கள்

படிக்க வந்து, வேலை கிடைத்து, மாஸ்கோவிலேயே தங்கிவிட்டவள் நான். ஊரிலிருந்து சுற்றிப் பார்க்க வருகிறவர்களை மாலையில் வெளியே கூட்டிப் போவது பல வருஷப் பழக்கம். இரவு சம்பந்தமாக நீங்கள் அனுப்பிய கேள்விகளை எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அக்கா, ஜூன் கடைசியில் நானும் மனைவியும் பீட்டர்ஸ்பர்க் போகிறோம். ஹோட்டல் வாசிலியெவ்ஸ்கி தீவில். பாலம் தூக்குவதைப் பார்த்துவிட்டு எப்படித் திரும்புவது?

நல்லவேளை, கிளம்பும் முன்னாலேயே கேட்டீர்கள். ஏப்ரல் முதல் நவம்பர் வரை, பெரிய கப்பல்கள் போவதற்காக நெவா நதிப் பாலங்களை ராத்திரி ஒரு மணி வாக்கில் தூக்க ஆரம்பிப்பார்கள். பெரும்பாலானவை விடிகாலை ஐந்து மணி வரை சரியாக இறங்காது. நடுவில் சில பாலங்களைக் கொஞ்ச நேரம் இறக்குவதும் உண்டு. அந்தந்த நாளின் நேரப்பட்டியலை ஹோட்டல் வரவேற்பில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் ஹோட்டல் நதிக்கு அந்தப்பக்கம். அரண்மனைப் பாலத்தை ஹெர்மிடேஜ் அருங்காட்சியகம் பக்கம் நின்று பார்த்தால், கண்ணெதிரே தெரியும் தீவுக்கு நடந்து போக வழியே இருக்காது.

ஆனால் தூக்கிய இரண்டு சிறகுகளுக்கு நடுவே பீட்டர்-பால் கோட்டையின் பொன் கோபுரம் தெரிகிறதே, எல்லாரும் எடுக்கும் அந்தப் படம், அது ஹெர்மிடேஜ் இருக்கும் அதே பக்கம், அட்மிரால்டி கரையிலிருந்துதான் கிடைக்கும். உங்கள் கரையில் நின்றால் கோபுரம் நடுவில் வராது, பின்னால் குளிர்கால அரண்மனை வரும். என்னைக் கேட்டால் உங்கள் கரையே போதும். படத்தை விடப் பெரியது அந்தக் காட்சி. வண்டிகள் ஓடிக்கொண்டிருந்த தார்ச்சாலை அப்படியே எழுந்து நிற்கும். நட்டுவைத்த விளக்குக் கம்பங்களும் சாலையோடு சாய்ந்துகொண்டே மேலே போகும். அவ்வளவு கூட்டமும் ஒரு நொடி பேச்சை நிறுத்திவிடும். நான் எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன், இன்னமும் தொண்டை அடைக்கிறது.

கோபுரப் படம் வேண்டும் என்றால் விடியும் வரை இருக்கத் தயாராகப் போங்கள். ராத்திரியிலும் முழுசாக இருட்டாத வெள்ளை இரவுக் காலம், நாலு மணிக்கு முன்னாலேயே சூரியன் வந்துவிடும். படகில் போவதானால் சீட்டு வாங்கும்போதே எந்தக் கரையில் இறக்கிவிடுவார்கள் என்று கேளுங்கள். அவசரத்துக்கு டாக்சி உண்டு: சுங்கம் கட்டும் மேற்கு விரைவுச்சாலைப் பாலங்களையும், தென்கிழக்கில் இருக்கும் பெரிய ஒபுகோவ்ஸ்கி பாலத்தையும் தூக்குவதில்லை. ஆனால் சுற்றுவழி, வாடகை பல மடங்கு ஏறும். ஜூன் என்று பார்க்காமல் காற்று தாங்கும் மேல்சட்டை எடுத்துப் போங்கள்.

கேள்வி: நம் ஊர் கார்டு எதுவுமே அங்கே வேலை செய்யாதாமே? ராத்திரி டாக்சிக்கு என்ன செய்வது?

2022 மார்ச்சிலிருந்து வெளிநாட்டு வங்கிகள் கொடுத்த விசா, மாஸ்டர்கார்டு இங்கே செல்லாது. டாலரோ யூரோவோ கொண்டுவந்து, பகலில் வங்கியில் மாற்றிக்கொள்ளுங்கள். சில்லறையாக நூறு, இருநூறு ரூபிள் தாள்கள் எப்போதும் கையில் இருக்கட்டும்.

டாக்சிக்கு யாண்டெக்ஸ் செயலிதான். பணம் கட்டும் இடத்தில் "நலீச்னியே", அதாவது ரொக்கம், என்று மாற்றிவையுங்கள். ஏறும் முன் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். கிளப் வாசலிலும் ரயில் நிலையத்திலும் "டாக்சி, டாக்சி" என்று கூப்பிடுகிற ஆளோடு மட்டும் போகாதீர்கள். விலை பேசித்தான் ஏறினோம், இறங்கும்போது ஆளுக்கு அவ்வளவு என்று சொன்னான் என்று எத்தனை பேர் என்னிடம் வருத்தப்பட்டிருக்கிறார்கள்.

இன்னொன்று. மாஸ்கோ நடுப்பகுதியில், முக்கியமாகக் கிரெம்ளின் பக்கம், போன் காட்டும் இடம் தப்பாக இருக்கும். செஞ்சதுக்கத்தில் நிற்பீர்கள், வரைபடம் உங்களை ஏதோ விமான நிலையத்தில் காட்டும். ட்ரோன் பயத்தில் மொபைல் இணையத்தையே நிறுத்திவிடுகிற நேரங்களும் உண்டு. ஆகவே ஹோட்டல் முகவரியை ரஷ்ய எழுத்தில் ஒரு தாளில் எழுதி வாங்கிச் சட்டைப்பையில் வையுங்கள். டாக்சி கூப்பிடும்போது ஏறும் இடத்தைத் தெருப்பெயர், கட்டட எண் தட்டச்சு செய்து கொடுங்கள்.

கேள்வி: மாஸ்கோ மெட்ரோ எத்தனை மணி வரை?

ஒரு மணிக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள், ரயில் மாறும் வழிகளும் அப்போதே மூடும். பன்னிரண்டரைக்கு உள்ளே இருங்கள். பீட்டர்ஸ்பர்க்கில் இன்னும் சீக்கிரம், நள்ளிரவை ஒட்டியே. தவறவிட்டால் மாஸ்கோவில் இரவுப் பேருந்து உண்டு. எண்ணுக்கு முன்னால் ஆங்கில 'எச்' மாதிரி ஒரு எழுத்து இருக்கும், ரஷ்ய மொழியில் அது 'ன்'. இரவு என்பதற்கான முதல் எழுத்து.

கேள்வி: அப்பா அம்மாவோடு வருகிறேன் சகோதரி. கிளப், பார் எதுவும் வேண்டாம். அவர்களை ராத்திரி எங்கே கூட்டிப் போகலாம்?

இந்தக் கேள்விக்குப் பதில் எழுதத்தான் எனக்கு அதிகம் பிடிக்கும். எட்டரை மணிக்கு நிகோல்ஸ்கயா தெருவில் தொடங்குங்கள். வண்டி வராத தெரு, தலைக்கு மேல் முழுக்க விளக்குச் சரம். மெதுவாக நடந்தாலே செஞ்சதுக்கம் வந்துவிடும். கூம் அங்காடிக் கட்டடம் முழுக்க விளிம்பு விளிம்பாக விளக்கேற்றி இருப்பார்கள். அங்கிருந்து சர்யாத்யே பூங்கா, நதிக்கு மேலே நீண்டுபோய் வளைந்து திரும்பும் பாலம். படியேறும் சிரமம் அதிகம் இல்லை.

முடித்துவிட்டுப் பத்தரைக்கு மேல் மயக்கோவ்ஸ்கயா மெட்ரோ நிலையத்தில் இறங்குங்கள். கூட்டம் குறைந்திருக்கும். 1938-ல் திறந்த நிலையம். நடைமேடை நடுவே நின்று அண்ணாந்து பாருங்கள்: ஒவ்வொரு குழிவிலும் ஒரு மொசைக், மொத்தம் 34. தெய்னேகா என்ற ஓவியர் செய்தது. ஒரு முழு நாளின் வானம். ஒரு முனையில் காலை, நடுவில் ராத்திரி, மறுமுனையில் மீண்டும் காலை. அப்பாவுக்குக் கழுத்து வலித்தால் இருக்கையில் உட்கார வைத்துக் காட்டுங்கள். பகல் நெரிசலில் யாரும் நிமிர்ந்தே பார்ப்பதில்லை.

கேள்வி: டேட்டிங் செயலியில் ஒரு பெண் பழக்கம். வந்த அன்றே ஒரு பாருக்குக் கூப்பிடுகிறாள். போகலாமா அக்கா?

தம்பி, இடத்தை நீங்கள் சொல்லுங்கள். அவள் சொல்லும் அந்த ஒரு பாரைத் தவிர வேறெங்கும் வரமாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள். விலைப்பட்டியல் இருக்காது, அல்லது சின்ன எழுத்தில் ஐம்பது மில்லிலிட்டருக்கு விலை போட்டிருக்கும். அவள் நாலு காக்டெயில் சொல்லுவாள். பில் வரும்போது வாசலில் இரண்டு பேர் நிற்பார்கள். இரண்டு நகரங்களிலும் பழைய தந்திரம் இது. மாட்டிக்கொண்டால் சண்டை போடாமல் 112-ஐ அழையுங்கள்.

கேள்வி: தனியாக வரும் பெண் நான். ராத்திரி நடக்கலாமா?

பீட்டர்ஸ்பர்க்கில் நெவ்ஸ்கி சாலை, ரூபின்ஸ்டைன் தெரு, மாஸ்கோவில் த்வெர்ஸ்கயா, பத்ரியார்ஷி குளத்தைச் சுற்றிய தெருக்கள் எல்லாம் நடுநிசி வரை கலகலப்பாக இருக்கும். நான் தனியாகவே நடக்கிறேன். பெரிய தெருவை விட்டு விலகி, வளைவுக்குள் நுழையும் உள்முற்றங்கள் வழியாகக் குறுக்கே போக மாட்டேன். குடித்துவிட்டு நிற்கும் கும்பலைக் கண்டால் எதிர்ச்சாரிக்கு மாறிவிடுவேன்.

கேள்வி: நிறத்தைப் பார்த்துத் தொந்தரவு செய்வார்களா? போலீஸ்?

மறைக்காமல் சொல்கிறேன். 2000-களில் வெளிநாட்டு மாணவர்கள் மொட்டைத்தலை இனவெறிக் கும்பல்களால் அடிபட்ட காலம் இருந்தது. இன்று நிலைமை அப்படியில்லை. பெரும்பாலும் வெறித்துப் பார்ப்பதோடு சரி. ஆனால் கால்பந்துப் போட்டி முடிந்த இரவில் மைதானம் பக்கமும், கடைசி மெட்ரோவிலும் ஜாக்கிரதை. போலீஸ் நம் போன்ற முகத்தை நிறுத்திக் காகிதம் கேட்பது சகஜம், அது மனதை நோகடிக்கும். பாஸ்போர்ட், எல்லையில் தந்த குடியேற்ற அட்டை, ஹோட்டல் தரும் பதிவுச் சீட்டு மூன்றையும் வைத்திருந்தால் இரண்டு நிமிஷத்தில் விட்டுவிடுவார்கள். உக்ரைன் போரைப் பற்றி முன்பின் தெரியாதவர்களோடு பேசவே வேண்டாம், சட்டம் மிகக் கடுமை.

கேள்வி: சைவம் நாங்கள். பத்து மணிக்கு மேல் என்ன கிடைக்கும்?

ஜார்ஜியா நாட்டு உணவகம் தேடுங்கள். ஹச்சாபூரி என்ற பாலாடைக்கட்டி ரொட்டி, லோபியோ என்ற பயறுக் குழம்பு. "பெஸ் மியாஸா" என்றால் இறைச்சி இல்லாமல். கோழி, மீன் வேண்டாம் என்பதைத் தனியாகச் சொல்லுங்கள்.

கேள்வி: குடிக்கச் சொல்லி வற்புறுத்தினால்?

"ம்னே நெல்ஸ்யா" என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லுங்கள். எனக்குக் கூடாது என்று அர்த்தம். காரணம் கேட்க மாட்டார்கள். குடிப்பவர்களுக்கு: இரவு பதினொன்று முதல் காலை எட்டு வரை கடையில் விற்பனை கிடையாது, சில நகரங்களில் இன்னும் கெடுபிடி. தெருவில் புட்டியோடு நடந்தால் அபராதம்.

கேள்வி: ஜனவரியில் வருகிறேன், கோட்டு ஒன்று கடன் வாங்கியிருக்கிறேன். அது போதுமா?

கழுத்துக்குப் பின்னால் உள்பக்கம் மாட்டுவதற்கு நாடா இருக்கிறதா என்று பாருங்கள். நாடகம், உணவகம், கிளப் எங்கே போனாலும் கோட்டை கர்தெரோப் என்ற அறையில் கொடுத்து எண் வில்லை வாங்கித்தான் உள்ளே போக வேண்டும். என் முதல் குளிர்காலத்தில் நாடா இல்லாத கோட்டோடு போனேன். அங்கிருந்த பாட்டி எல்லார் எதிரிலும் கடிந்துகொண்டார். நாடகம் முடிந்து திரும்பினால், கறுப்பு நூலில் நெருக்கமாகத் தையல் போட்டு ஒரு நாடா வைத்துக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. அந்தக் கோட்டை இன்றும் வைத்திருக்கிறேன்.

குளிரில் போன் திடீரென்று அணைந்துவிடும், அதனால் உள்சட்டைப் பையில், உடம்போடு ஒட்டி வையுங்கள். பீட்டர்ஸ்பர்க்கில் சுவரோரம் நடக்காதீர்கள், கூரையிலிருந்து பனிக்கட்டி ஈட்டி மாதிரி விழும். நடைபாதையில் நாடா கட்டித் தடுத்திருந்தால் சுற்றிப் போங்கள். எண் வில்லையைத் தொலைத்தால் அபராதம் கட்டி, கூட்டம் கலையும் வரை காத்திருக்க நேரும். அதற்குள் கடைசி மெட்ரோ போய்விடும்.