லாப்ரடாருக்கு ஈரல் டெஸ்ட் எடுக்கலாமா?

கேள்வி: எங்கள் லாப்ரடாருக்கு ஆறு வயது, பெண். நன்றாகச் சாப்பிடுகிறாள், வாக்கிங்கில் என்னைத்தான் இழுத்துக்கொண்டு போகிறாள். பக்கத்து வீட்டு நாய் மஞ்சள் காமாலை வந்து பத்தே நாளில் போய்விட்டது. லேப்பில் ஈரலுக்கென்று முழு பேக்கேஜ் இருக்கிறதாம். எடுக்கவா? இப்போதைக்கு ஈரலுக்கு நல்லதென்று வாரம் இரண்டு தடவை ஆட்டு ஈரல் வேகவைத்துக் கொடுக்கிறேன்.

பதில்: டெஸ்ட் எடுங்கள், பேக்கேஜ் வேண்டாம். ஆட்டு ஈரலை இன்றோடு நிறுத்துங்கள்.

அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். சில லாப்ரடார்களுக்குச் செம்புச் சத்தை வெளியேற்றும் திறன் பிறவியிலேயே குறைவு. பித்தத்தோடு போக வேண்டிய செம்பு கல்லீரலில் தங்கி, வருஷக்கணக்கில் அதை அரிக்கும். நடுவயதுப் பெண் நாய்களிடம்தான் இதை அதிகம் பார்க்கிறோம். ஆட்டு ஈரலிலும் மாட்டு ஈரலிலும் செம்பு மிக அதிகம். கோழி ஈரலில் அவ்வளவு இல்லை. செம்புக் குடத்துத் தண்ணீரும் உங்களோடு இருக்கட்டும், அவளுக்கு வேண்டாம்.

நன்றாகச் சாப்பிடுகிறாள், ஓடுகிறாள் என்பதெல்லாம் கல்லீரல் விஷயத்தில் செல்லாது. பெரும்பகுதி கெடும்வரை அது மூச்சு விடாமல் வேலை பார்க்கும். ஆனால் செல்கள் உடைய ஆரம்பித்ததுமே ஏ.எல்.டி. என்ற கல்லீரல் என்சைம் ரத்தத்தில் ஏறிவிடும். சில லேப்களில் எஸ்.ஜி.பி.டி. என்று அச்சிட்டிருப்பார்கள், இரண்டும் ஒன்றுதான். உங்கள் நாய்க்கு வருஷம் ஒரு முறை இது போதும். மனிதர்களுக்கான லேப்பில் கொடுத்தால், பக்கத்தில் போட்டிருக்கும் 'நார்மல்' அளவு நமக்கானது. அதைப் பார்த்து முடிவு கட்டாதீர்கள்.

பேக்கேஜ் ஏன் வேண்டாம்? அதில் ஏ.எல்.பி. என்று இன்னொரு என்சைமும் வரும். அது ஏறியிருப்பதைப் பார்த்துப் பதறி ஓடி வருகிறவர்கள் நிறைய. ஒருவர் ஸ்கேன் வரைக்கும் எடுத்துவிட்டு வந்தார். பையைத் துழாவியபோது காதுக்கு விடும் சொட்டு மருந்து கிடைத்தது, ஒன்றரை மாதமாக விடுகிறாராம். அதில் ஸ்டீராய்டு. நாய்களுக்கு அது ஒன்றே ஏ.எல்.பி.யை ஏற்றப் போதும். வலிப்புக்குத் தரும் பீனோபார்பிட்டாலும் அப்படித்தான். எந்த மருந்து கொடுத்தாலும், அரிப்பு ஊசி உட்பட, டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஏ.எல்.டி. கொஞ்சம் கூடியிருந்தால்? ஒரு மாதம் கழித்துத் திரும்ப எடுங்கள். நடுவில் லிவர் டானிக் ஊற்ற வேண்டாம். எண் இறங்கினாலும் எதனால் ஏறியது என்று தெரியாமல் போய்விடும். இரண்டு மாதம் தாண்டியும் இறங்கவில்லை என்றால் ஸ்கேன், பித்த அமில டெஸ்ட் என்று போக வேண்டியதுதான். பித்த அமிலத்துக்கு வெறும் வயிற்றில் ஒரு ரத்தம், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து ஒன்று.

நாட்டு நாய் வைத்திருப்பவர்கள் இவ்வளவு யோசிக்க வேண்டாம்; ஏழு எட்டு வயதுக்கு மேல் வழக்கமான செக்கப்போடு பார்த்தால் போதும். டாபர்மேன் என்றால் லாப்ரடார் கணக்குத்தான்.

அப்புறம், பக்கத்து வீட்டு நாய். பத்து நாளில் மஞ்சளாகிப் போனதென்றால் முதல் சந்தேகம் எலிக்காய்ச்சல், அடுத்தது உண்ணிக் காய்ச்சல். இந்த டெஸ்ட் அவற்றைத் தடுக்காது. எலிக்காய்ச்சலும் சேர்ந்த தடுப்பூசி போட்டு வருஷமாகிவிட்டதா என்று அட்டையை எடுத்துப் பாருங்கள். ரத்தம் எடுக்கப் போகும்போதே அதையும் முடித்துவிடலாம்.