வலது பக்கம் மட்டும் போதுமா?

கேள்வி: டிப்ரஷன்ல இருக்கற அக்காவுக்கு டாக்டர் ஈசிடி (தலையில கரண்ட் குடுத்து வலிப்பு வரவைக்கற ஷாக் சிகிச்சை), அதுவும் வலது பக்கம் மட்டும் குடுக்கலாம்ங்கிறார். ரெண்டு பக்கமும் வச்சாதானே நல்லா கேக்கும்? தறி வேலை மறந்துடுமா?
- வாசகி, அம்மாபேட்டை, சேலம்

பதில்: பயப்படாதீங்கம்மா. கரண்ட் குடுக்கற முனைகளை ரெண்டு நெத்திப்பொட்டுலயும் வச்சா சீக்கிரம் கேக்கும்தான், ஆனா ஞாபகமறதி அதுலதான் ஜாஸ்தி. வலது பக்கம்னா ஒண்ணு நெத்திப்பொட்டுல, இன்னொண்ணு உச்சந்தலைகிட்ட வப்பாங்க, பெரும்பாலானவங்களுக்குப் பேச்சு இடது மூளையில இருக்கறதால அங்க பாதிப்பு குறையும், ஆனா டோஸ், அதாவது கரண்ட் அளவுதான் முக்கியம், வலிப்பு வரத் தேவையான அளவைப் போல சுமார் 6 மடங்கு குடுத்தாதான் பலன் கிட்டத்தட்ட ஈடாகும், இதை தைரியமா கேளுங்க. அக்கா சோறு தண்ணியே எடுக்காம உயிருக்கு ஆபத்துன்னா ரெண்டு பக்கம்தான் நானும் சொல்வேன். மயக்க மருந்து இல்லாம குடுக்கறதுக்கு 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி தடை. தறி ஓட்டற கைப்பழக்கம் பொதுவா போகாது, சமீபத்துல நடந்ததுதான் மறக்கும். ஒவ்வொரு தடவையும் முழிச்சதும் பேரு, கிழமை, இடம் சொல்ல எவ்ளோ நேரம் ஆகுதுன்னு குறிச்சு டாக்டர்கிட்ட காட்டுங்க.