லேமினேட் ஆர்ச்டாப் கிட்டார்: மோல்டில் அழுத்திய தட்டு நடுவில் ஏன் ஒட்டவில்லை?

கேள்வி: கிப்சன் ஈ.எஸ்-175 அளவில் ஓர் ஆர்ச்டாப் கிட்டார் (மேல்தட்டு குவிந்து வளைந்த கிட்டார்) செய்து வருகிறேன். த்ரீ ஆக்சிஸ் சிஎன்சி ரூட்டர் (கணினி ஓட்டும் மரம் வெட்டும் மெஷின்) இருக்கிறது. எம்.டி.எஃப்பில் (மர நார்ப் பலகையில்) ஆண் மோல்டு (புடைத்தது), பெண் மோல்டு (குழிந்தது) இரண்டும் வெட்டினேன். 1.5 மி.மீ. மேப்பிள் வெனீர் (மெல்லிய மரத் தகடு) மூன்றை வெள்ளைப் பசை தடவி அடுக்கி, 12 ஜி-கிளாம்ப் போட்டு ஒரு நாள் விட்டேன். திறந்தால் சரிவுகளில் நன்றாக ஒட்டியிருக்கிறது, நடுவில் விரலால் தட்டினால் பொள்ளல் சத்தம் வருகிறது. ஓரங்களில் சுருக்கம் வேறு. இரண்டு வாரத்தில் வளைவு 2 மி.மீ. இறங்கிவிட்டது. மெஷின் துல்லியம் போதவில்லையா?

பதில்: மெஷின் மேல் குற்றமில்லை. மூன்று தனித்தனிப் பிழைகள் ஒரே தட்டில் சேர்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு.

நடுவில் ஒட்டாததற்குக் காரணம் பெரும்பாலும் கேட் ஃபைலில் (மோல்டின் கணினி வரைபடத்தில்) இருக்கும். ஆண் மோல்டின் பரப்பை காப்பி எடுத்து, இசட் திசையில் 4.5 மி.மீ. மேலே நகர்த்திப் பெண் மோல்டாக வைத்திருப்பீர்கள். அப்படிச் செய்தால் சமதளமான நடுப்பகுதியில் மட்டும்தான் இடைவெளி 4.5 மி.மீ. இருக்கும். 20 டிகிரி சரிவுள்ள இடத்தில், பரப்புக்குச் செங்குத்தாக அளந்தால், 4.5 × 0.94, அதாவது 4.23 மி.மீ.தான் வரும். சரிவுகள் முதலில் முட்டிக்கொள்ளும். கிளாம்பை எவ்வளவு முறுக்கினாலும் நடுவில் கால் மில்லிமீட்டர் இடைவெளி நிற்கும், அங்கே அழுத்தமே போய்ச் சேராது. நகர்த்தும் கட்டளையை விட்டுவிட்டு, பரப்பை ஆஃப்செட் செய்யும் கட்டளையைப் பயன்படுத்துங்கள். அதுதான் எல்லாப் புள்ளியிலும் செங்குத்தாக ஒரே தூரம் தள்ளும்.

அந்த தூரம் எவ்வளவு என்பதை வெனீர் பாக்கெட்டில் எழுதியிருப்பதை வைத்து முடிவு செய்யக்கூடாது. அதே வெனீரில் 100 × 100 மி.மீ. துண்டுகள் வெட்டி, அதே பசை, அதே அழுத்தத்தில் தட்டையாக ஒட்டுங்கள். காய்ந்ததும் மைக்ரோமீட்டரில் ஐந்து இடங்களில் அளந்து சராசரி எடுங்கள். 4.5 என்று நினைத்தது 4.25 ஆக இருக்கலாம். அந்த எண்ணோடு, இடையில் வைக்கும் மெல்லிய கார்க் ஷீட் அல்லது சிலிக்கான் ஷீட் அழுத்தத்தில் எவ்வளவு தடிமனாக நிற்கிறதோ அதையும் கூட்டுங்கள். இந்த ஷீட் அவசியம் வேண்டும். வெனீரில் வரும் சிறிய தடிமன் வித்தியாசங்களை அது வாங்கிக்கொள்ளும்.

அழுத்தத்துக்கு வருவோம். யூரியா பசைக்கு (வெள்ளைப் பசையை விட்டு ஏன் இதற்கு மாற வேண்டும் என்று கீழே சொல்கிறேன்) ஒரு சதுர செ.மீ.க்கு சுமார் 7 கிலோ அழுத்தம் வேண்டும். உங்கள் தட்டின் பரப்பு ஏறக்குறைய 2,100 ச.செ.மீ.; மொத்தம் 15 டன் ஆகிறது. 12 ஜி-கிளாம்ப் அதில் பாதிக்குக்கூட வராது, அதுவும் ஓரத்தில் மட்டும்தான் பிடிக்கும். 20 டன் ஹைட்ராலிக் ஷாப் பிரஸ் இந்த வேலைக்குச் சரி. மேலும் கீழும் தடித்த இரும்புத் தகடு வைத்து விசையைப் பரப்புங்கள். வேக்குவம் பேக் (காற்றை உறிஞ்சி எடுத்து அழுத்தும் பை) வைத்தும் செய்யலாம், ஒரே மோல்டு போதும் என்பது அதில் பெரிய வசதி. ஆனால் அது சதுர செ.மீ.க்கு 0.9 கிலோவுக்கு மேல் தராது. 1.5 மி.மீ. மேப்பிளை அது படிய வைக்காது, 0.6 மி.மீ. வெனீர் என்றால் படியும்.

சுருக்கத்துக்குக் காரணமும் இந்த 1.5 மி.மீ.தான். 400 மி.மீ. அகலத்தில் 16 மி.மீ. உயரும் வளைவின் மேல் டேப் வைத்து அளந்தால் சுமார் 401.7 மி.மீ. வரும். விளிம்புக்கு அருகே வரும் குழிவையும் சேர்த்தால் இன்னும் கூடும். வெனீர் ரப்பர் போல நீளாது. நடுவில் தேவைப்படும் நீளம் ஓரத்திலிருந்து வர வேண்டும், அப்போது ஓரத்தில் மிஞ்சுவது மடிப்பாகிறது. 0.9 மி.மீ. வெனீர் ஐந்தாக மாற்றுங்கள். நார் ஓட்டம் ஒன்றுவிட்டு ஒன்று 90 டிகிரி திரும்ப வேண்டும். எண்ணிக்கை ஒற்றைப்படையாக, நடு அடுக்குக்கு இருபுறமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். நான்கு அடுக்கு போட்டால் தட்டு முறுக்கிக்கொள்ளும். மோல்டை கிட்டார் உருவத்துக்கு வெளியே 30 மி.மீ. அதிகமாக வெட்டுங்கள். வெனீரின் அந்தக் கழிவுப் பகுதியில் ஓரத்திலிருந்து உள்நோக்கிச் சில கீறல்கள் போட்டால், மடிப்பதற்குப் பதில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அங்கேயே முடிந்துவிடும். ஒட்டுவதற்கு முன்னால் வெனீரை லேசாக ஈரமாக்கி, பசையில்லாமல் ஒருமுறை மோல்டில் அழுத்தி அங்கேயே காயவிட்டால் பாதி வளைவை அது அப்போதே ஏற்றுக்கொள்ளும்.

வளைவு இறங்கியது வெள்ளைப் பசையால். அது காய்ந்த பிறகும் தொடர்ந்த இழுவிசையில் மெல்ல நழுவும், சூட்டில் இன்னும் வேகமாக நழுவும். வளைந்த வெனீர் ஒவ்வொன்றும் நிமிரத் துடித்துக்கொண்டே இருக்கும். அதைப் பிடித்து வைக்க இறுகிக் கெட்டியாகும் பசை வேண்டும். ஹார்டனர் கலந்து போடும் யூரியா ஃபார்மால்டிஹைடு பவுடர் பசைதான் என் முதல் தேர்வு, எபாக்சி அடுத்தது. ஒரு பசை வரிக்கு (இரண்டு வெனீருக்கு நடுவே வரும் பசைக்கு) சதுர மீட்டருக்கு 170 கிராம் வைத்துக்கொள்ளுங்கள். 460 × 560 மி.மீ. ஷீட்டில் நான்கு வரிக்கு ஏறக்குறைய 175 கிராம் ஆகும். 24 மணி நேரம் பிரஸ்ஸிலேயே இருக்கட்டும். ஜன்னல்களைத் திறந்து வையுங்கள், புகையை முகர வேண்டாம்.

மோல்டு வெட்டும்போது 18 மி.மீ. எம்.டி.எஃப் மூன்றைப் பசையால் மட்டும் ஒட்டுங்கள். ஸ்க்ரூ போட்டால் கட்டர் அதன்மேல் போய் முட்டும். முதலில் 12 மி.மீ. ஃப்ளாட் கட்டரில் 1 மி.மீ. மிச்சம் விட்டு இறக்குங்கள், பிறகு 12 மி.மீ. பால்நோஸில் (முனை உருண்ட கட்டரில்) 1.2 மி.மீ. ஸ்டெப்ஓவர் (ஒரு வெட்டு வரிக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம்) வைத்து ஓட்டுங்கள். வரிகளுக்கிடையே நிற்கும் மேடு 0.03 மி.மீ.தான், 180 உப்புத்தாளில் இரண்டு இழுப்பில் போய்விடும். ஸ்டெப்ஓவரை 0.3 ஆக்கி இரவெல்லாம் மெஷினை ஓட்டுவதில் பயனில்லை. பரப்பை ஷெல்லாக் (அரக்கு வார்னிஷ்) அடித்து அடைத்து, மெழுகு பூசி, மேலே பாலித்தீன் விரியுங்கள்.

சிஎன்சி உண்மையில் கைகொடுப்பது பதிவு ஊசிகளில், அதாவது தட்டை ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் உட்கார வைக்கும் ஊசிகளில். நடுக்கோட்டில், உருவத்துக்கு வெளியே, இரண்டு முனைகளிலும் 8 மி.மீ. டவல் (உருளை ஊசி) துளை போடுங்கள். ஒரு முனையில் வட்டத் துளை, மறுமுனையில் நீளவாக்கில் சிறு ஸ்லாட். ஈரத்தில் மரம் விரிந்தாலும் ஊசி இறுகாது. எல்லா வெனீரிலும் இதே துளைகள் வரட்டும். பிரஸ் முடிந்த தட்டை அதே ஆண் மோல்டில், அதே ஊசிகளில் மாட்டி எஃப் துளைகளையும் வெளிக்கோட்டையும் வெட்டலாம், மெஷினின் பூஜ்யப் புள்ளியைத் தேட வேண்டியதில்லை. 3 மி.மீ. டவுன்கட் கட்டர் (நாரைக் கீழ்நோக்கி அழுத்தி வெட்டுவது) போடுங்கள். மேல்நோக்கி இழுக்கும் அப்கட் போட்டால் எஃப் துளையின் முனையில் மேல் வெனீர் நார் நாராகக் கிளம்பும், அதைச் சரிசெய்ய முடியாது. ஒரு ஓட்டத்துக்கு 1 மி.மீ. ஆழம், கடைசியில் 0.3 மி.மீ. ஃபினிஷ். வெளிக்கோட்டில் 3 மி.மீ. மிச்சம் விடுங்கள், பக்கச் சட்டத்தில் ஒட்டிய பிறகு ட்ரிம் செய்யலாம்.

உள்ளே ஓடும் இரண்டு ஸ்ப்ரூஸ் பிரேஸ்களுக்கும் (மேல்தட்டைத் தாங்கும் கட்டைகளுக்கும்) ஆண் மோல்டின் பரப்பு ஃபைலே போதும். பிரேஸின் ஒட்டும் முகத்தை அதிலிருந்து வெட்டினால் சாக்பீஸ் தடவித் தேய்க்கும் வேலை மிச்சம். ஆனால் தட்டைப் பிரஸ்ஸிலிருந்து எடுத்து ஒரு வாரம் காயவிட்டு, நிமிர்வை அளந்த பிறகே வெட்டுங்கள். கடற்கரை ஊர் என்றால் இதில் கவனம் அதிகம் வேண்டும்: காற்றில் 50 சதவீத ஈரப்பதத்தில் மரம் 9 சதவீதம் ஈரம் வைத்திருக்கும், 75 சதவீதத்தில் 13, 14க்குப் போகும். தட்டும் பக்கச் சட்டமும் ஒரே அறையில் ஒன்றாகக் கிடந்து பழகட்டும்.

பக்கங்களுக்கு 0.8 மி.மீ. மூன்று அடுக்கு போதும், நார் மூன்றிலும் நீளவாக்கில். ஈ.எஸ்-175இன் கூரான கட்அவே (நெக் அருகே உடலில் உள்நோக்கி வரும் வெட்டு) முனையை ஒரே துண்டாக வளைக்க முயல வேண்டாம். இரண்டு துண்டாகச் செய்து உள்ளே ஒரு கட்டையில் சேருங்கள்.

நெக் (கழுத்து) கோணத்தை டிராயிங்கிலிருந்து எடுக்காதீர்கள். 628 மி.மீ. ஸ்கேலில் (கம்பியின் அதிரும் நீளம்), 14ஆம் ஃப்ரெட்டில் நெக் உடலோடு சேர்ந்தால், அங்கிருந்து பிரிட்ஜ் (கம்பிகளைத் தாங்கும் பாலம்) வரை 280 மி.மீ. உங்கள் தட்டு விளிம்பிலிருந்து 16 மி.மீ. உயர்ந்து, பிரிட்ஜ் 22 மி.மீ. என்றால் கம்பி 38 மி.மீ. உயரத்தில் போகும். ஃபிங்கர்போர்டின் நீட்சிக்கோடு அங்கே கம்பிக்கு 6 மி.மீ. கீழே, அதாவது 32இல். 14ஆம் ஃப்ரெட்டில் போர்டின் மேல்முகம் 16 மி.மீ. என்று வைத்தால், 280க்கு 16 மி.மீ. ஏற்றம், கோணம் 3.3 டிகிரி. இதில் தட்டு 1 மி.மீ. நிமிர்ந்திருந்தாலே 0.2 டிகிரி மாறிவிடும். பெட்டியை மூடி, மேல்தட்டின் உண்மையான உயரத்தை டெப்த் கேஜில் அளந்து, அந்த எண்ணைப் போட்டு நெக் ஜாயிண்டை வெட்டுங்கள். பிக்அப் துளைகளை அதற்குப் பிறகு, நெக்கின் நடுக்கோட்டை நேரில் பார்த்து வெட்டுங்கள். வால்யூம், டோன் பாட்கள் (திருகும் கன்ட்ரோல்கள்) அந்தத் துளை வழியாக உள்ளே போக வேண்டும் என்பதால், வயரிங் ஹார்னஸை (பாட்களும் வயர்களும் சேர்ந்த தொகுப்பை) ஒரு அட்டையில் முழுதாகப் பற்றவைத்துத் தயாராக வைத்திருங்கள்.