மடியில் ஒன்று, வயிற்றில் ஒன்று

கேள்வி: என் மகளுக்கு ஒன்றே முக்கால் வயது. எனக்கு இப்போது ஐந்தாம் மாதம். ராத்திரி பால் குடிக்காமல் அவள் தூங்க மாட்டாள். "வயித்துப்பிள்ளைக்காரி பாலைக் குடிச்சா மூத்தது சவலை பாஞ்சிரும்" என்று அத்தை காம்பில் தடவ வேப்பெண்ணெயை எடுத்துவைத்துவிட்டார். குறைப்பிரசவம் ஆகிவிடுமோ என்றும் பயமாக இருக்கிறது. பிறகு இரண்டு பேருக்கும் பால் போதுமா?
– ஒரு வாசகி, தேனி

பதில்: உங்கள் அத்தை சொல்வதை முழுக்கத் தள்ளிவிட மாட்டேன், தாயி. பால் கெட்டுப்போகாது. ஆனால் நாலு, ஐந்து மாதத்தில் தானாகக் குறையும், சீம்பாலாக மாறும், கொஞ்சம் உப்புக் கரிக்கும். சில பிள்ளைகள் முகத்தைச் சுளித்துவிட்டு அவர்களே விட்டுவிடுவார்கள். அந்தக் காலத்தில் பால் குறைந்த மூத்த பிள்ளைக்குக் கஞ்சித்தண்ணி மட்டும்தான் கிடைத்தது, அதில்தான் சவலையானது. உங்கள் மகளுக்கு முட்டை, பருப்புச் சாதம், கேழ்வரகுக் கூழ், பொடித்த வேர்க்கடலை என்று தட்டு நிறையட்டும். வேப்பெண்ணெய் விளக்குக்கு ஆகட்டும்.

பிள்ளை சப்பும்போது சுரக்கும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் கர்ப்பப்பையை லேசாக இறுக்கும், நிஜம்தான். சிக்கலில்லாத கர்ப்பத்தில் அதனால் பிரசவ வலி கிளம்பிவிடாது. முன்பு குறைப்பிரசவம் ஆனவர்கள், இரட்டைப் பிள்ளை சுமப்பவர்கள், உதிரம் படுகிறவர்கள், கர்ப்பப்பை வாயில் தையல் போட்டவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்காமல் தொடரக் கூடாது. வயிறு விட்டுவிட்டு இறுகினாலோ, நீர் கசிந்தாலோ, உடனே பிள்ளையை மார்பிலிருந்து எடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

காம்பு வலிக்கிறதா? பெரும்பாலும் வலிக்கும். பத்து எண்ணும்வரை என்று சொல்லிப் பழக்குங்கள். இரண்டு வயதுப் பிள்ளைக்குப் புரியும். ராத்திரித் தட்டிக்கொடுத்துத் தூங்கவைப்பதை இப்போதே அவள் அப்பா பழகட்டும். இந்த ஒரு வேலைக்கு வீட்டு ஆண்களை யாரும் ஏன் கூப்பிடுவதில்லையோ! இரும்புச்சத்து மாத்திரையை டீயோடும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடும் சேர்த்துப் போடாதீர்கள்.

பிறந்ததும் வரிசை முக்கியம். முதல் நாட்களின் சீம்பால் சின்னதுக்கு. அது ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை குடிக்கும். குடித்து முடித்தபின் பெரியவள் வரலாம். சீம்பால் அவளுக்கும் கொஞ்சம் போனால் வயிறு இளகும், பதற வேண்டாம். குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். பால் கட்டிக்கொண்டு கல்லாகும் நாட்களில் பெரியவள்தான் உங்களுக்கு மருந்து. ஐந்தாம் நாளுக்குமேல் சின்னது ஒரு நாளில் ஆறு தடவையாவது மூத்திரம் போகிறதா, இரண்டு வாரத்தில் பிறந்த எடைக்குத் திரும்பியதா, இவ்வளவு பார்த்தால் போதும். சிசேரியன் என்றால் பெரியவளை வயிற்றின்மேல் ஏறவிடாமல் பக்கவாட்டில் படுக்கவையுங்கள்.

உடம்பு தாங்கவில்லை, நிறுத்திவிடத்தான் நினைக்கிறீர்கள் என்றால் அதுவும் சரியே. பகல் பாலை முதலில், ராத்திரிப் பாலைக் கடைசியாக, மெல்லக் குறையுங்கள். தம்பியோ தங்கையோ வந்த வாரத்தில் மட்டும் அதைச் செய்யாதீர்கள்.