தோட்டத்தோடு வீடு: தளியா, பாலக்கோடா, அரூரா?

கேள்வி: என் கணவர் ஓசூர் சிப்காட்டில் பணிபுரிகிறார், நான் வீட்டிலிருந்தபடியே கணக்கு வேலை பார்க்கிறேன். பள்ளி செல்லும் இரு குழந்தைகள். மாமியாருக்குச் சர்க்கரையோடு சிறுநீரகத் தொல்லையும் உண்டு. 2 ஏக்கர் வாங்கி, வீடு கட்டி, அங்கேயே குடியேற விரும்புகிறோம். தளி, பாலக்கோடு, அரூர் ஆகிய மூன்று பக்கமும் பார்த்துவிட்டோம். கணவருக்குத் தளியின் குளிர்ச்சி பிடித்திருக்கிறது. அரூரில் எங்களுக்குக் காட்டிய நிலம் விலை குறைவு. எதைத் தேர்ந்தெடுப்பது? (வாசகி, ஓசூர்)

பதில்: அம்மா, அரூரை இப்போதே விட்டுவிடுங்கள். அங்கிருந்து ஓசூருக்கு நாள்தோறும் வேலைக்குப் போய் வருவது நடவாத காரியம். கணவர் வாரக்கடைசியில் மட்டும் வந்து போகிற வீடாகிவிட்டால், தோட்டம், மாடு, குழந்தைகள், மாமியாரின் மருத்துவம் அத்தனையும் உங்கள் தலையில்தான் விழும்.

தளி ஓசூருக்குப் பக்கம். 900 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் இருப்பதால் கோடையிலும் இதமாக இருக்கும். ஆனால் பன்னார்கட்டா காட்டிலிருந்து வரும் யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டை வழியாக ஊடேதுர்கம், சானமாவு காடுகள் வரை நடமாடுகின்றன என்பதையும், ராகி கதிர் முற்றி அறுவடைக்கு நிற்கும் மாதங்களில் அவை இரவில் வயல்களுக்குள் இறங்குகின்றன என்பதையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். உள்ளூர் விவசாயிகள் பரண் கட்டிக் காவல் இருந்து பழகியவர்கள். இரவு எட்டு மணிக்கு வேலை முடிந்து காட்டோரச் சாலையில் இருசக்கர வாகனத்தில் வீடு திரும்புகிறவருக்கு அந்தப் பழக்கம் இல்லை. தளியே ஆகாது என்று நான் சொல்லவில்லை. காப்புக்காட்டு எல்லையை ஒட்டிய நிலம் உங்கள் குடும்பத்துக்கு ஆகாது. தரகர்கள் அழகு என்று முதலில் காட்டுவது பெரும்பாலும் அந்த நிலத்தைத்தான்.

உங்கள் நிலையில் நான் ராயக்கோட்டைக்கும் பாலக்கோட்டுக்கும் இடைப்பட்ட பகுதியில் தேடுவேன். ஓசூரிலிருந்து தருமபுரி செல்லும் சாலையும் ரயில் பாதையும் அவ்வழியேதான் செல்கின்றன. தக்காளியோ காய்கறியோ விளைந்தால் ராயக்கோட்டைச் சந்தை அருகிலேயே இருக்கிறது. கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் உண்டு என்பதால் மாமியாரின் சிகிச்சைக்கு இரண்டு பக்கமும் வழி இருக்கிறது. அதற்காக அங்கே யானையே வராது என்று எண்ண வேண்டாம். 2023 மார்ச்சில் அதே பகுதியிலுள்ள மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி 3 யானைகள் இறந்தன. பார்க்கும் கிராமத்தில் எந்த மாதம், எந்தப் பக்கமாக வருகின்றன என்று டீக்கடையில் கேட்டாலே சொல்லிவிடுவார்கள்.

இனித் தண்ணீர். கிருஷ்ணகிரி, தருமபுரி ஆகிய இரு மாவட்டங்களிலும் அடியில் இருப்பது கடினப் பாறை. பாறையின் வெடிப்பில்தான் நீர் நிற்கும். ஒருவர் காட்டில் (தோட்டத்தில்) இரண்டு இஞ்சு தண்ணீர் கொட்டும்போது வரப்புக்கு அப்பால் ஆயிரம் அடி ஆழ்துளை போட்டும் பாறைப் புகை மட்டுமே பறப்பது இங்கே வியப்பான செய்தி அல்ல. ஐப்பசி மழையில் பச்சையாக இருக்கும்போது நிலத்தைப் பார்த்து முன்பணம் கொடுக்காதீர்கள். சித்திரை, வைகாசியில் போய், மோட்டாரைப் போடச் சொல்லி, அரை மணி நேரம் அங்கேயே நின்று, நீரின் வீச்சு குறைகிறதா என்று பாருங்கள். சுற்றியுள்ள நான்கு காட்டுக்காரர்களிடம் எத்தனை அடி போட்டார்கள், எத்தனை முறை தோற்றார்கள் என்று கேளுங்கள்.

மாமியாரை முன்னிட்டு இன்னொன்று. இப்பகுதி நிலத்தடி நீரில் புளோரைடு மிகுதி. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டதே அதனால்தான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் அந்நீர் குடிக்க ஏற்றதல்ல. காய்ச்சினால் புளோரைடு போகாது. நீர் வற்றுவதால் அடர்த்திதான் கூடும். சிறுநீரகம் பழுதுற்றவர் உடலிலிருந்து அது எளிதில் வெளியேறுவதும் இல்லை. ஆகவே கிரயத்துக்கு முன்பே ஆழ்துளைக் கிணற்று நீரைக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் சோதியுங்கள். ஒகேனக்கல் நீர் அந்தக் குக்கிராமத்தின் தொட்டிக்கு உண்மையிலேயே எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று தெருக்குழாயில் குடம் வைத்திருக்கும் பெண்களிடம் விசாரியுங்கள்.

நிலம் வாங்குமுன் அந்த ஊரிலேயே ஓராண்டு வாடகைக்குக் குடியிருக்க முடிந்தால் மிக நன்று. பள்ளி வேன் எதுவரை வருகிறது, உங்கள் வேலைக்கு வேண்டிய இணையம் மழை நாளில் நிற்கிறதா என்பவையெல்லாம் இருந்து பார்த்தால்தான் தெரியும்.

கேள்வி: காரிமங்கலம் பக்கம் ஒரு நிலம் பேசி முடிக்கும் நிலையில் உள்ளது. பத்திரத்தில் ‘பொதுக் கிணற்றில் 4-ல் 1 பங்கும், மாமூல் தடத்தில் போக வர பாத்தியமும்’ என்று இருக்கிறது. இது போதுமா? (வாசகர், தருமபுரி)

பதில்: தடத்தைப் பற்றிய வரியை மறுபடி படியுங்கள். ‘ஆள், கால்நடை, வண்டி வாகனம்’ போய் வர என்று தெளிவாக இல்லாமல் ‘போக வர’ என்று மட்டும் இருந்தால், வீடு கட்டச் செங்கல் லாரி வரும் நாளில் அண்டைக்காட்டுக்காரர் குறுக்கே கல் நட்டுவிட இடமுண்டு. புலப்படத்தை (சர்வே எண்ணுக்கான அளவு வரைபடத்தை) வாங்கி, அந்தத் தடம் அதில் வண்டிப்பாதையாகக் காட்டப்பட்டிருக்கிறதா, அல்லது யாரோ ஒருவரின் பட்டா நிலத்தில் வழக்கத்தால் நடந்து நடந்து உண்டானதா என்று பாருங்கள். இரண்டாவது என்றால், அந்த நிலத்துக்காரரிடமிருந்து எத்தனை அடி அகலம் என்று குறிப்பிட்டு வழிப் பாத்தியம் எழுதிப் பதிந்துகொண்ட பிறகே கிரயம் செய்யுங்கள்.

கிணற்றுப் பங்கு தோட்டத்துக்கு உதவும். குடியிருப்புக்கு அதை நம்ப வேண்டாம். நான்கு பங்காளிகள் முறை வைத்து இறைக்கும் கிணற்றில் உங்கள் முறை வரும்வரை வீட்டுத் தொட்டி காத்திருக்காது. மின் இணைப்பு யார் பெயரில் இருக்கிறது என்பதையும் பாருங்கள். விவசாயத்துக்கான இலவச மின்சாரத்தில் வீட்டுக்கு ஒயர் இழுப்பது குற்றம். வீட்டுக்குத் தனி இணைப்பு வேண்டும். கம்பம் தொலைவில் இருந்தால் அந்தச் செலவை நிலத்தின் விலையோடு சேர்த்துக் கணக்கிடுங்கள். முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 விழுக்காடு ஆவதையும் மறவாதீர்கள்.

கேள்வி: சூளகிரி அருகே ‘பண்ணை நிலம்’ என்று 10 சென்ட் துண்டுகளாக விற்கிறார்கள். சுற்றுவேலி, மாங்கன்றுகள், பராமரிப்பு எல்லாம் அவர்களே. வாங்கலாமா? (வாசகர், கிருஷ்ணகிரி)

பதில்: வீடு கட்டிக் குடியிருக்க என்றால் வேண்டாம். அங்கீகாரமில்லாத மனைகளைப் பதியக் கூடாது என்று பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவு சொல்கிறது. அதைத் தவிர்க்கவே பல இடங்களில் மனையைப் பண்ணை நிலம் என்று பெயர் மாற்றி விற்கிறார்கள். பதிவு நடந்துவிட்டாலும், கட்டட அனுமதி கேட்கும்போது அந்த நிலம் ஆவணத்தில் மனையாக இன்றிப் புஞ்சையாகவே (விவசாய நிலமாகவே) நிற்கும். எல்லோரும் கூட்டுப் பட்டாவில் சேர்க்கப்படுகிறார்களா, ஒவ்வொருவருக்கும் தனி உட்பிரிவு கிடைக்குமா என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் பேச்சை அத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.