கண்டிக்கு மகாவலி எதற்கு?

கேள்வி: ஆற்றங்கரையில்தான் நகரம் வளரும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். மகாவலி அவ்வளவு பக்கத்தில் ஓடியும் கண்டி மட்டும் ஏன் மலைகளுக்குள் ஒதுங்கிக் கிடக்கிறது? – வாசகி, ஹட்டன்

பதில்: ஒதுங்கியதால்தானே பிழைத்தது! மேப்பை விரித்துப் பாருங்கள். மகாவலி மேற்கே பேராதனையைத் தொட்டு, வடக்கே கட்டுகஸ்தோட்டை பக்கம் சுற்றி, கிழக்கால் இறங்கிப் போகிறது. மூன்று பக்கமும் ஆறு. கண்டி ராஜாக்களுக்குப் படகுத்துறையா முக்கியம்? யாரும் வெட்டாத அகழி ஒன்று சும்மாவே கிடைத்திருந்தது.

அந்த அகழி என்ன செய்யும் என்பது 1803இல் தெரிந்தது. ஆங்கிலேயர் கண்டிக்குள் புகுந்து, முத்துசாமி என்பவரைத் தங்கள் ஆளாக அரியணையில் உட்கார வைத்தார்கள். உண்மையான ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் சொந்தப் பெயர் கண்ணுசாமி, ஆகவே இது இரண்டு சாமிகளின் சண்டை என்றும் சொல்லலாம். ஜூன் மாதம் ராஜாவின் படை திரும்பி வந்தது. ஆங்கிலேயப் படையின் தலைவர் மேஜர் டேவி சரணடைந்து, ஆட்களோடு ஆற்றங்கரையில் உள்ள வட்டபுலுவை வரை நடந்துவிட்டார், ஆனால் தென்மேற்குப் பருவமழையில் ஆறு கரைபுரண்டு ஓட, அக்கரைக்குப் போக வழியில்லை. முத்துசாமியை ஒப்படைக்க வேண்டியதாயிற்று, அவர் கொல்லப்பட்டார், அப்புறம் டேவியின் படையாட்களும்.

அதே ராஜா 1807இல் வயலை மறித்துக் கண்டிக் குளத்தைக் கட்டினார். எட்டே வருடத்தில் நாடே கைவிட்டுப் போனது, குளம் மட்டும் நிற்கிறது.

குளத்துத் தண்ணீர் வெளியேறும் கால்வாய்க்குப் பெயர் மெத எல, அதாவது நடு ஓடை. இன்றைக்கு டவுனுக்குள் அதைத் தாண்டும்போது மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். அது போய் மகாவலியில் விழும் இடம் கெட்டம்பே. கண்டியின் ஊர்வலத் திருவிழாவான எசல பெரஹரா முடியும் விடியலில் நாத, விஷ்ணு, கதிர்காம, பத்தினி தேவாலயக்காரர்கள் வாளால் தண்ணீர் வெட்டுவதும் அதே கெட்டம்பேயில்தான் (பத்தினி வேறு யாருமில்லை, நம் கண்ணகிதான்). போன வருடம் எடுத்துவைத்த தண்ணீரை ஆற்றில் ஊற்றிவிட்டு, குடத்தில் புதுத் தண்ணீர் மொண்டு, திரும்பும் வழியில் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலில் தங்கி, பகல் பெரஹராவுக்குக் கிளம்புவார்கள்.