மலை ஏரிக்குப் போகிறீர்களா? வாசகர் கேள்விகள், பதில்கள்

கேள்வி: மலையும் வானமும் ஏரியில் அப்படியே தலைகீழாகத் தெரியும் என்று ஆசையோடு போனோம். மதியம் இரண்டு மணிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெறும் சிற்றலைதான் இருந்தது. அதிர்ஷ்டம் இல்லையா?

பதில்: அதிர்ஷ்டத்தைக் குறை சொல்ல வேண்டாம், நேரம்தான் தவறு. வெயில் ஏற ஏறப் பள்ளத்தாக்கின் சரிவுகள் சூடாகும். அவற்றை ஒட்டிய காற்று மேலே கிளம்பும். அந்த இடத்தை நிரப்பக் கீழிருந்து காற்று பள்ளத்தாக்கு வழியே மேலேறி வரும். தெளிந்த நாட்களில் இது முற்பகலில் தொடங்கி, பிற்பகலில் உச்சத்துக்குப் போகும். இரவில் நேர்மாறாக, குளிர்ந்த கனத்த காற்று சரிவுகளிலிருந்து கீழே வடியும். இரண்டுக்கும் நடுவே, விடியலை ஒட்டி, காற்று ஓய்ந்து நிற்கும் சிறு பொழுது உண்டு. தண்ணீர் கண்ணாடியாவது பெரும்பாலும் அப்போதுதான்.

செல்போன் காட்டும் உதய நேரத்தையும் அப்படியே நம்பாதீர்கள். அது மலை மறைக்காத தொடுவானத்துக்கான கணக்கு. கிழக்கே உயரமான முகடு இருந்தால் ஏரியில் வெயில் விழ ஒரு மணி நேரம்கூடத் தாமதமாகலாம். அது உங்களுக்கு நல்லதுதான். மேற்குச் சிகரங்களில் வெயில் பட்டிருக்கும், ஏரியோ இன்னும் நிழலில் இருக்கும். பிம்பம் மிக அழகாக விழும் வேளை இது. ஆகவே உதயத்துக்கு அரை மணி முன்பே கிழக்குக் கரைக்குப் போய், மேற்கே பார்த்து நில்லுங்கள். கேமராவைத் தண்ணீருக்கு ஒரு சாண் உயரம் வரை இறக்குங்கள். பார்வைக் கோணம் சாயச் சாயத் தண்ணீர் கூடுதலாகப் பிரதிபலிக்கும். நீரின் பளபளப்பை வெட்டுவதற்காக லென்ஸில் மாட்டும் போலரைசர் ஃபில்டர் இருந்தால் கழற்றிவிடுங்கள். நீர்ப்பரப்புக்கு ஏறத்தாழ 37 டிகிரி சாய்வில் பார்க்கும்போது அது பிம்பத்தையே துடைத்துவிடும். ஏரியின் அடியில் கிடக்கும் கற்களைப் படமெடுக்கத்தான் அது உதவும்.

கேள்வி: நாங்கள் விடியலில்தான் போனோம். பிம்பம் கிடைத்தது, ஆனால் அந்தப் பச்சை கலந்த நீலம் இல்லை. படங்களில் நிறத்தைக் கூட்டிவிடுகிறார்களா?

பதில்: கூட்டுகிறவர்களும் உண்டு, ஆனால் அந்த நிறம் உண்மையானது. நகரும் பனியாறு தன் அடியிலுள்ள பாறையை மாவாக அரைக்கிறது. அந்தத் துகள்கள் எளிதில் படியாமல் நீரில் மிதக்கும். சிவப்பைத் தண்ணீர் உறிஞ்சிக்கொள்ள, எஞ்சிய நீலத்தையும் பச்சையையும் துகள்கள் சிதறடிக்கின்றன. கனடாவின் லூயிஸ், பேட்டோ ஏரிகளும் நியூசிலாந்தின் புகாக்கியும் இப்படிப்பட்டவை. இந்த நிறத்துக்கு உச்சி வெயில் வேண்டும், உயரத்திலிருந்து பார்க்கவும் வேண்டும். பனியாறு நன்றாக உருகும் கோடையில்தான் நிறம் கூடும். ஆக, பிம்பத்துக்கு விடியல், நிறத்துக்கு நண்பகல். ஒரு வேளைதான் முடியும் என்றால் விடியலையே தேர்ந்தெடுங்கள். அந்த அமைதி வேறெப்போதும் கிடைக்காது.

கேள்வி: கரையோரத் தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் குதிக்கலாமா?

பதில்: தயவுசெய்து குதிக்காதீர்கள். அந்த வெதுவெதுப்பு மேற்பரப்பில் மட்டும்தான். தண்ணீர் 4 டிகிரி செல்சியஸில்தான் மிகக் கனமாக இருக்கும். ஆழமான மலை ஏரிகளின் அடியில் கோடையிலும் அந்தக் குளிர்நீர் தங்கியிருக்கும். பலத்த காற்று நெடுநேரம் வீசினால் மேல்நீர் எதிர்க்கரைக்கு ஒதுங்கி, காற்று புறப்படும் பக்கக் கரையில் குளிர்நீர் மேலெழும். நேற்று இதமாக இருந்த அதே இடம் இன்று உறையவைக்கலாம்.

15 டிகிரிக்குக் குறைந்த நீரில் திடீரென விழுந்தால் உடல் தானாகவே மூச்சை இழுக்கும், அடக்க முடியாது. அந்தக் கணம் தலை நீருக்குள் இருந்தால் நுரையீரலுக்குள் தண்ணீர்தான் போகும். மீட்புப் பயிற்சிகளில் 1-10-1 என்று சொல்லித்தருவார்கள். உறையும் அளவுக்குக் குளிர்ந்த நீரில் மூச்சு கட்டுக்குள் வர 1 நிமிடம், கைகால் சொன்னபடி கேட்பது சுமார் 10 நிமிடம், நினைவு தப்பும்வரை சுமார் 1 மணி நேரம். நீச்சல் வல்லவர்களும் மூழ்குவதற்கு அந்த 10 நிமிடம் தீர்ந்துபோவதும் ஒரு காரணம்.

இறங்கியே ஆகவேண்டுமென்றால் மெல்ல நடந்து இறங்குங்கள், முகத்தையும் கழுத்தையும் முதலில் நனைத்துக்கொள்ளுங்கள், கால் எட்டும் ஆழத்தில் கரைக்கு இணையாக நீந்துங்கள். தவறி விழுந்தால் நீந்த முயலாமல் மல்லாந்து மிதந்து, மூச்சு சீரானபின் கரையைத் தேடுங்கள். வெளியே வந்த பிறகும் சற்று நேரம் உடற்சூடு இறங்கிக்கொண்டே போகும். ஈரத்துணியை உடனே மாற்றுங்கள். படகில் எப்போதும் லைஃப் ஜாக்கெட் வேண்டும். பிற்பகல் காற்றுக்கு முன்பே கரை திரும்புங்கள்.

கேள்வி: ஏரி 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஒரே நாளில் போய்த் தங்கலாமா?

பதில்: வேண்டாம். 2,500 மீட்டரைத் தாண்டினாலே தலைவலி, குமட்டல் தொடங்கலாம். 3,000 மீட்டருக்கு மேல், இரவு தங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கீழே இறங்குங்கள்.

கேள்வி: தெளிந்த ஏரித் தண்ணீரை அப்படியே குடிக்கலாமா?

பதில்: தெளிவு சுத்தத்துக்கு அடையாளம் அல்ல; ஜியார்டியா கிருமி கண்ணுக்குத் தெரியாது. உயரத்தில் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும், 3,000 மீட்டரில் சுமார் 90 டிகிரி. அதனால் 2,000 மீட்டருக்கு மேல் 1 நிமிடத்துக்குப் பதிலாக 3 நிமிடம் தளதளவெனக் கொதிக்கவிடுங்கள். பாத்திரம் கழுவுவதையும் சோப்புப் போடுவதையும் கரையிலிருந்து 60 மீட்டராவது தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.